கடல்குதிரைக்கு முன்னால் ஜெகனின் முதுகு

ஜெகன் என் முறையைத் திருடினான். என் மனைவியின் தம்பி என்பதற்காக இதை நான் மெதுவாகச் சொல்லப்போவதில்லை. ஆறு வருடமாக வீட்டில் கதையை மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் குற்றவாளி நான்தான் என்று ஆக்கிவிட்டார்கள். (நானும் கொஞ்சம் மடத்தனம் செய்தேன். அதையும் சொல்கிறேன். அதன் இடம் வரட்டும்.)

ஜெகனுக்கு மாத்தளை டவுனில் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பான். தாலி கட்டும் நேரத்தில் முந்நூறு பேர் கையில் அட்சதையோடு நிற்க, எல்லோருக்கும் முன்னால் அவன் முதுகு நிற்கும். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் ஒரு தாலி முடிச்சையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஜெகனின் சட்டைகளைக் கேளுங்கள், வரிசையாகச் சொல்வேன்.

அவனுக்குத் தண்ணீருக்கு அடியில் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. கடல்குதிரையைப் படம் எடுக்க, துணைக்கு என்னையும் திருகோணமலைக்கு இழுத்துப் போனான். முதலில் எனக்கு, காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். எனக்கு உக்குவளையில் டயர் கடை. பயிற்சி கொடுத்த ரிஸ்வானிடம், "காத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க தம்பி, அது என் தொழில்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

புறப்படும் முன்பே என் மகள் அனு ஒரு வேலை கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"அப்பா, கடல்குதிரையோட ரெண்டு கண்ணும் தனித்தனியா வேற வேற பக்கம் திரும்புமாம். டீச்சர் சொன்னாங்க. நெசமான்னு பாத்துட்டு வாங்க."

"மாமா படம் எடுத்துட்டு வருவாருல்ல?"

"படத்துல கண்ணு அசையாதுப்பா. நீங்க பாருங்க."

பார்க்கிறேன் என்று சத்தியம் செய்தேன்.

படகில் ரிஸ்வான் சட்டம் சொன்னார். "முதல்ல சும்மா பாக்கிற ஆக்கள். கெமரா கடைசி. மூண்டு படம், பிறகு விலகணும். காலால மண்ணைக் கிளப்பினா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. ஒருத்தருக்குக் காத்துக் குறைஞ்சா எல்லாரும் மேலே." எல்லோருக்கும் முந்தித் தலையாட்டியவன் ஜெகன்.

கடலுக்கு அடியில் ரிஸ்வான், கடல்குதிரை இங்கே என்று கடல்புல்லுக்குள் விரல் நீட்டினார். கொழும்பிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒழுங்காக விலகினார்கள். அடுத்தது நான். அந்த இடைவெளியில் ஜெகன் புகுந்தான். பெரிய கெமரா, இரண்டு பக்கமும் இரண்டு லைட். மண்ணில் குப்புறப் படுத்துவிட்டான். எனக்குத் தெரிந்தது அதே முதுகு. சட்டை மட்டும் ரப்பர்.

மூன்று படம் முடிந்தது. பத்து முடிந்தது. நான் திட்ட ஆரம்பித்தேன்.

தண்ணீருக்கு அடியில் திட்டுவது பெரிய சுகம். யாருக்கும் கேட்காது. தமிழில் திட்டினேன், பிறகு சிங்களத்தில் திட்டினேன், பிறகு லொறி டிரைவர்களுக்கென்று கடையில் வைத்திருக்கும் கலவையை எடுத்தேன். எல்லாம் குமிழி குமிழியாக மேலே போனது. போனது நான் மூச்சு விட வேண்டிய காற்று என்பது, காற்றையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றவில்லை. ரிஸ்வான் வந்து என் காற்று மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. எல்லோரும் மேலே என்று கை காட்டினார்.

அனுவுக்கு என்ன பதில் சொல்வது? கல்யாண வீட்டில் எட்டிப் பார்ப்பது போல ஜெகனின் தோளுக்கு மேலால் பாய்ந்தேன். காலில் துடுப்பு இருப்பதை மறந்து உதைத்தேன். மண் கிளம்பியது. கடல்குதிரை, புல், ஜெகன், ஒன்றும் தெரியவில்லை. ரிஸ்வான் என் முதுகுப்பட்டியைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்.

படகில் ஜெகன் கத்தினான். "என்ன மச்சான், பந்திக்கு ஓடுற மாதிரி பாயிறீங்க! நல்ல படம் போச்சு!"

"அது என் முறைடா! மூணு படம்னுதானே சொன்னாரு?"

"லைட் சரியா விழல மச்சான்."

கொழும்புப் பெண் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, கீழ யாரோட அவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தீங்க?"

ரிஸ்வான் ஒன்றுதான் சொன்னார். "கடல்குதிரைதான் பாவம்."

வீட்டுக்கு வந்ததும் அனு கேட்டாள். "கண்ணு திரும்புச்சாப்பா?" மாமாவைக் கேள் என்றேன். மாமா கெமராவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரு கண்ணுதான்டா தெரியுது" என்றான். அனு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசிப் படத்தில் ஒரு புழுதி மேகமும் என் காலும் இருக்கின்றன. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஸ்டூடியோ வாசலில் மாட்டியிருக்கிறான். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வருகிறவர்கள் கேட்டால், "அபூர்வமான கடல்குதிரை, உக்குவளை இனம்" என்கிறானாம். அனுவுக்கு இப்போது பதினான்கு வயது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும். "அப்பா, மீட்டரைப் பாருங்க" என்கிறாள். அவள் அம்மா கையை மேலே காட்டுகிறாள்.

அடுத்த மாதம் அலுவிகாரையில் எங்கள் குடும்பத்தில் இன்னொரு கல்யாணம். படம் எடுப்பவன் ஜெகன். மண்டபத்தில் மைக் இருக்கும், முன்வரிசையில் அனு இருப்பாள். ஜெகன், தாலி கட்டுவதற்கு முன் அந்த மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கச் சொல்: அந்தக் கடல்குதிரையின் கண்கள் தனித்தனியாகத் திரும்பினவா, இல்லையா? அவ்வளவு நேரம் அது உன் முகத்துக்கு நேராக இருந்ததே, கெமராவை இறக்கிவிட்டு ஒரு தடவையாவது நீ பார்த்தாயா? ஆம் அல்லது இல்லை. சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்.