ஊதாங்குழல் கட்டாத மஞ்சள் நூல்

பொன்னேரி வட்டாரத்தில், ஊதாங்குழல் என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருந்த அந்த மனிதர் வாய் வைத்து ஊதிப் பார்க்காத குழாய் ஒன்றுகூட இருந்ததில்லை. டிராக்டரின் ஹோஸாக இருக்கட்டும், டீக்கடைக் கெட்டிலின் மூக்காக இருக்கட்டும், இந்தப் பக்கமிருந்து ஒரு முறை, அந்தப் பக்கமிருந்து ஒரு முறை ஊதுவார். இரண்டு பக்கமும் காற்று போனால்தான் நிம்மதி.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தோம். நான் கவுன்டரில் பில் போடுகிறவன். அவர் மெக்கானிக். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அவருடைய கன்னங்கள் மட்டும் எங்கள் இருவருக்கும் போதுமான அளவுக்கு இருந்தன.

ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதற்குள் ஊதாங்குழல் அதை எடுத்து, அகன்ற பக்கத்தில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னா பண்ற?"

"ஒண்ணும் இல்லபா. அந்தாண்ட போறது இந்தாண்ட வருதான்னு பாத்தேன்."

நாதஸ்வரக்காரரைச் சமாதானப்படுத்தி மேளம் திரும்பத் தொடங்குவதற்குள் முகூர்த்தமே தப்பப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் அப்போதுதான் தானே தூக்கிக் கொட்டுகிற டிரெய்லர்கள் வரத் தொடங்கியிருந்தன. டிராக்டரிலிருந்து எண்ணெய் ஹோஸ் வழியாகப் போய் டிரெய்லரைத் தூக்கும். இறங்கும்போது எண்ணெய் அதே வழியில் திரும்ப வேண்டும். ஸ்பானர் இல்லாமல் கையாலேயே ஹோஸை மாட்டிக் கழற்ற ஆண், பெண் என்று இரண்டு துண்டுகளாக ஒரு கப்ளிங் உண்டு. சேர்த்து அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் வால்வுகள் ஒன்றையொன்று தள்ளித் திறக்கும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மயிரிழை மாறும். அப்படி மாறினால் க்ளிக் கேட்கும், வால்வு முழுக்கத் திறக்காது, போன எண்ணெய் திரும்பி வராது.

ஒரு ஜோடி தேர்ந்தெடுக்க ஊதாங்குழலுக்கு அரை மணி நேரம் ஆகும். வேட்டி முனையால் துடைப்பார், மாட்டுவார், ஊதுவார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததை எடுப்பார். தேறிய ஜோடியை மட்டும் மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டுவார்.

"இன்னா, மாப்ள புட்சிருக்கா? எப்பதான் தாலி கட்டுவ?" என்று விவசாயிகள் கிண்டல் செய்வார்கள்.

"இருய்யா. பொருத்தம் பாக்காம கட்டிட்டு அப்பால பேஜாருன்னு இங்கதான வந்து நிப்ப?"

நூல் இல்லாத கப்ளிங்கை ஒருவரும் தொட மாட்டார்கள். நான் அடுக்கி, நான் எடுத்துக் கொடுத்து, நான் பில் போட்டாலும் அவர்கள் கும்பிட்டது அவரைத்தான். எனக்கு எரிந்தது.

ஒரு அறுவடைக் காலத்தில், அவர் வெளியே ரிப்பேருக்குப் போயிருந்தபோது, ஆந்திர எல்லைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஓடி வந்தார்.

"சீக்கிரம் குடு நைனா, மில்லுல நெல்லு கொட்டணும். நூலு கட்னதுதான் வோணும்."

நூல் கட்டியது எதுவும் மிச்சமில்லை. ஒரு பெட்டியிலிருந்து ஆண் துண்டையும் வேறு கம்பெனிப் பெட்டியிலிருந்து பெண் துண்டையும் எடுத்தேன். மாட்டினேன். க்ளிக். கவுன்டருக்குக் கீழே குனிந்து மஞ்சள் நூலை நானே கட்டினேன்.

மத்தியானம் மில் வாசலில் டிரெய்லர் தூக்கிக்கொண்டது, நெல்லைக் கொட்டியது, இறங்க மறுத்துவிட்டது. பின்னால் பதினைந்து மாட்டு வண்டிகள் நின்றன. தூக்கியபடியே வெளியே ஓட்டிவிடலாம் என்று விவசாயி முயன்றதில், மில்லின் பெயர்ப்பலகை டிரெய்லரோடு சேர்ந்து ரோட்டுக்கு வந்தது.

எங்கள் கடை முதலாளி அந்தக் கப்ளிங்கை ஊதாங்குழல் முன்னால் வீசினார். நூலும் கூடவே வந்தது. முடிச்சை அவிழ்க்காமல் உருவி, ராசிக்காக ஹோஸிலேயே மாட்டி வைத்திருந்தாராம் அந்த விவசாயி.

"ஊதி ஊதி அரை நாள ஓட்றியே, இதான் உன் லட்சணமா?"

கடை நிறைய ஆட்கள். அவர் எடுத்து ஊதினார். ஒரு பக்கம் காற்று போனது. திருப்பி ஊதினார். கன்னம் உப்பியது, கண் சிவந்தது, காற்று போகவில்லை. பிறகு நூலைப் பார்த்தார். அவர் இரண்டு சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவார். இது செருப்புக் கடைக்காரன் போடுகிற ஒற்றைச் சுருக்கு.

என்னைப் பார்த்தார். நான் கார்பன் தாளைச் சரி செய்தேன்.

"என்னுதுதான் மொதலாளி. கவனிக்காம உட்டேன்."

"நாளைலேந்து வராத."

கருவிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல இரண்டு போண்டா தின்றேன் என்பதும் நினைவிருக்கிறது. பின்னால் பத்திரிகை வேலைக்கு வந்து, எத்தனையோ பேர் செய்த தப்பைப் பெயர், ஊரோடு எழுதினேன். இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து, கும்மிடிப்பூண்டி போகும் வண்டியில் ஏறியபோது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யப்பா, இங்க வா! இன்னும் அங்கதான் கீறியா? மொதலாளி இன்னும் கத்திக்கினுதான் கீறாரா?"

ஊதாங்குழல்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். "அன்னிக்கு அந்த நூலு..."

"தெரியும் வுடு. அப்போ உன் ஊட்டுல கொயந்த பொறந்து பத்து நாளு. நான் ஒண்டி ஆளு, எங்க போனாலும் சோறு கெடைக்கும்." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "பொண்ணு பேசுதா?"

"பேசுது."

"இன்னான்னு பேசுது? சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தேன். நான் இறங்க வேண்டிய கவரைப்பேட்டை வந்தது, போனது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.