மஞ்சள் விளக்கை அழித்தால் போச்சு

தொண்ணூறு நாள் என்று ஃபைல்சார் வாயை விட்டிருக்கக் கூடாது. முப்பது நாள் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் சொந்தக் காரில் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

ஃபைல்சார் என்பது ஆபீசில் வைத்த பெயர். முப்பது வருஷமாக அங்கே பழைய கோப்புகளுக்கு அவர்தான் பொறுப்பு. எது வந்தாலும் ‘முடிக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, நாடா கட்டி, அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிடுவார். உள்ளே இருக்கும் விவகாரம் முடிந்ததா என்று அவர் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்து எந்தக் கோப்பும் இறங்கி வந்து அவரைக் கேட்டதும் இல்லை.

அந்த முப்பது வருஷமும் இரண்டு பஸ் மாறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போனார். முழங்கால் இரண்டும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டன. அதனால் ஒருநாள், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வண்டிப் புரோக்கர் ஒருவரின் பேச்சை நம்பி, ஒன்பது வயதுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்.

மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறவள். சத்தம் போடமாட்டாள். ஊசி குத்துகிறவர்களுக்குச் சத்தம் தேவைப்படாது. அவளுக்கும் வேலைக்கு இரண்டு பஸ். அவளுக்கும் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் எடுத்ததில் புருஷனுக்கு நாலு வருஷம் மூத்தவள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“கோளாறு ஏதாவது வந்தா?”

“வராது. தொண்ணூறு நாள் வெச்சுக்கோ. அதுக்குள்ள ஒரு விளக்கு எரிஞ்சாக்கூட சாவி உன்னோடது. நான் பழையபடி பஸ்ல போறேன்.”

“சரிங்க,” என்றாள். அந்தச் ‘சரிங்க’வில் இருந்த நிதானத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆன மனுஷன், கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் ராஜ வாழ்க்கை. காலையில் மனைவியைப் பெரிய சிக்னலில் இறக்கிவிடுவார். அங்கிருந்து அவள் இடது பக்கம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். இவர் வலது பக்கம் திரும்பி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஆபீசுக்குப் போவார். அறுபத்திரண்டாம் நாள் மாலை, பெட்ரோல் போட்டுவிட்டு அவளையும் ஏற்றிக்கொண்டு வரும்போது, முன்பலகையில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஃபைல்சார் மெதுவாக இடது கையை நகர்த்தி விளக்கை மறைத்துக்கொண்டு, வீடு வரை அப்படியே ஓட்டினார். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

மறுநாளே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வாங்கினார். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு துளை இருக்கிறது. அதில் செருகினால், வண்டிக்கு உடம்புக்கு என்ன என்று போனில் எழுதிக் காட்டும். காட்டியது: பெட்ரோல் ஆவி எங்கோ கசிகிறது. இணையத்தில் தேடினார். இருபத்திரண்டு காரணங்கள் கிடைத்தன. முதல் காரணம், பெட்ரோல் மூடி சரியாக இறுகவில்லை என்பது. இவ்வளவு பெரிய விளக்கு ஒரு மூடிக்காகவா எரியும் என்று அதைத் தாண்டிப் போனார். கடைசிக் காரணத்தில் டாங்க்கையே மாற்ற வேண்டும் என்றிருந்தது. அதை நம்பினார். பயந்தவனுக்குக் கடைசி வரிதான் முதலில் கண்ணில் படும்.

பிறகுதான் அந்தக் கருவியில் ‘அழி’ என்று ஒரு பொத்தான் இருப்பதைப் பார்த்தார். அமுக்கினார். விளக்கு அணைந்தது. முப்பது வருஷ அனுபவம் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தது. கோப்பு முடிக்கப்பட்டது.

மூன்றாம் நாள் கோப்பு மேல் தட்டிலிருந்து இறங்கி வந்தது. மறுபடி அழித்தார். மறுபடி எரிந்தது. இனி இந்த விளக்கோடு தவணை பேசிப் பயனில்லை என்று, எரிந்தாலும் எரியாவிட்டாலும் தினமும் விடியற்காலையில், மனைவி வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. விடியற்காலையில் எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்டபோது, வண்டி துடைக்க என்றார். ஒன்பது வயதுக் காரைத் தினமும் துடைக்கும் புருஷனை அவள் பாராட்டத்தான் செய்தாள். போகிறவர் கையில் குப்பைப் பையையும் கொடுத்தாள். இரண்டாம் நாள், வரும்போது பால். நாலாம் நாள் தண்ணீர்க் கேன், அதுவும் காலியாகப் போய் நிறைந்து வருவது. வண்டிக் கண்ணாடி பளபளவென்று இருக்கிறதே, அந்தக் கை பட்டால் வீட்டு ஜன்னலும் அப்படி ஆகுமே என்றாள் ஒருநாள். ஏழு ஜன்னல். மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஏழையும் துடைத்தார். எந்த முழங்காலைக் காப்பாற்ற வண்டி வாங்கினாரோ அதே முழங்கால் தினமும் மூன்று மாடி ஏறி இறங்கியது. ஆபீசில் உட்கார்ந்தபடியே தூங்கினார். இன்னும் பத்து நாள், இன்னும் எட்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது, அவருக்கே அவரைப் பார்க்க.

எண்பத்தெட்டாம் நாள் மனைவி வந்து, வண்டியின் புகைச் சான்றிதழ் இந்த மாதத்தோடு முடிகிறது, நாளைக்கு எனக்கு லீவு, நீங்களும் அரை நாள் போடுங்கள், சோதனைக்கு நேரம் வாங்கிவிட்டேன் என்றாள். ஃபைல்சாருக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அரசாங்கமே வண்டி நல்ல வண்டி என்று எழுதிக் கொடுக்கப்போகிறது. மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல அழித்தார். திருப்தி போதாமல் இன்னொரு தடவையும் அழித்தார். இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சோதனை மையத்தில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் புகையைப் பார்க்கவே இல்லை. இப்போது இதுதான் முதல் சோதனையாம். நேராக ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, இவர் தினமும் செருகிய அதே துளையில் தன் கருவியைச் செருகினார். திரையைப் பார்த்தார். பிறகு ஃபைல்சாரைப் பார்த்தார்.

“இன்னைக்கு சோதிக்க முடியாது சார். யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க.”

“எதை?”

“விளக்க அழிச்சா, வண்டி தன்னைத்தானே சோதிச்சு வெச்சிருந்த கணக்கும் சேர்ந்து அழிஞ்சிடும். அழிச்சதுக்கப்புறம் எவ்வளவு தூரம் ஓடிச்சுன்னும் இதுல இருக்கு. ஆறு கிலோமீட்டர்.”

வீட்டிலிருந்து அந்த மையம் சரியாக ஆறு கிலோமீட்டர். பேட்டரி மாற்றினோம், அதனால் இருக்கும் என்று ஃபைல்சார் இழுத்தார். மனைவி அவர் பக்கமே திரும்பவில்லை.

“அண்ணே, அந்த பெட்ரோல் மூடிய கொஞ்சம் பாருங்களேன்,” என்றாள்.

நீலச் சட்டைக்காரர் போய்த் திருகினார். டக், டக், டக் என்று மூன்று முறை சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஃபைல்சார் அதுவரை கேட்டதே இல்லை. பழைய வண்டி, பழைய மூடி, முறுக்கினால் உடைந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் பூப்போல ஒரு சுற்றோடு விட்டவர் அவர். இதுதான் கோளாறு, வேறொன்றும் இல்லை, ஒரு வாரம் எதையும் அழிக்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஃபைல்சார் கேட்டார்.

“உனக்கு எப்ப தெரியும்?”

“முதல் நாளே. கைய வெச்சு மறைச்சீங்க. ஆனா உங்க மூக்குக்கண்ணாடில மஞ்சளா தெரிஞ்சுது. அன்னைக்கு பெட்ரோல் போட்டுட்டு நீங்க மூடின அழகையும் பார்த்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“காய்ச்சல மறைக்க மாத்திரை போட்டுக்கிட்டு டெஸ்டுக்கு வர்றவங்கள தினம் பாக்கறேங்க. எத்தனை நாளைக்கு தாங்குதுன்னு பாக்கலாம்னுதான். அதுவுமில்லாம, காலைல பால் வந்துச்சு, தண்ணி வந்துச்சு. ஜன்னலெல்லாம் சுத்தமாச்சு. எனக்கென்ன நஷ்டம்?”

ஃபைல்சார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். சாவி கைவிட்டுப் போகும் நேரத்தில் மனுஷனுக்கு மூளை கொஞ்சம் வேலை செய்யும்.

“இதோ பாரு. நீ அன்னைக்கு கேட்டது வண்டிக் கோளாறு பத்தி. வண்டில ஒரு கோளாறும் இல்ல. அவரே சொல்லிட்டார். மூடாதது என் தப்பு.”

“அப்ப வண்டி நல்ல வண்டிதான்.”

“ரொம்ப நல்ல வண்டி.”

“ஓட்டறவர் சரியில்ல.”

ஃபைல்சார் யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் சாவி அவள் பக்கமே போனது. வண்டியில் கோளாறு என்றால் அவர் வாக்குப்படி போகும். ஓட்டுகிறவரிடம் கோளாறு என்றால் வாக்கே தேவையில்லாமல் போகும். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் இருக்கையை முன்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். அவள் நன்றாக ஓட்டினாள். அதுதான் இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார். பெரிய சிக்னலில் பஸ் நின்றபோது, பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. குனிந்து பார்த்தார். முன்பலகையில் ஒரு விளக்கும் இல்லை. இஞ்சின் சத்தமே கேட்கவில்லை. புரோக்கர் சொன்னது நிஜம்தான், அருமையான வண்டி என்று அவருக்குத் தோன்றியது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தவரிடம் காரைக் காட்டி, நான் பார்த்து வாங்கின வண்டி என்றார்.

அந்த ஆள் காரைப் பார்த்தார், கம்பியைப் பிடித்திருந்த ஃபைல்சாரின் கையைப் பார்த்தார், காருக்குள் இருந்தவளைப் பார்த்தார்.

“அப்ப ஓட்டறது யாருங்க?”

பச்சை விழுந்தது. கார் இடது பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் போனது.

“ஓனர்,” என்றார் ஃபைல்சார்.