நம்பர் இல்லாத வீடுகள்

பயந்தவன் கணக்கு தப்பாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பயந்து பயந்து எண்ணியவன், அதனால்தான் தப்பியது.

பொழிச்சலூரில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை எனக்கு. படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. கவலைப்படுவதை மட்டும் மேற்கொண்டு படித்தேன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம். அப்படிப்பட்டவனிடம்தான் அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா விருந்தை ஒப்படைத்தார்கள்.

அம்மா படுக்கையில் கேட்டது ஒன்றுதான். "என் பேருல சோறு போடுற அன்னிக்கு வாசலுக்கு வந்தவங்க யாரும் பசியோட போகக்கூடாதுடா."

எத்தனை வீடு என்று சொன்னால், வீட்டுக்கு நாலு பேர் என்று பண்டாரி அரிசி போடுவார். (பண்டாரி என்றால் விருந்துச் சமையல்காரர்.) சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகள் ஷாஹினா, என் போனில் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். பெயர், தெரு, போன் நம்பர் போட்டால் பிரவுசருக்குள்ளேயே பதிவாகிவிடும். மேலே மொத்தம் தெரியும். நாங்கள் போனில் அழைத்த வீடுகள், நேரில் போய் அழைத்த வீடுகள் எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் கவலை வந்தது.

"ஷாஹினா, நம்ம தெருவுல நூர்ஜஹானே மூணு பேரு. ஒரே வீட்ட ரெண்டு தடவ போட்டிருந்தா? சோறு வீணாப்போனா பாவம்மா."

"அப்போ போன் நம்பருக்கு மட்டும் தனியா ஒரு பட்டியல், இண்டெக்ஸ்னு, போட்டு அத வச்சு எண்ண வைக்கிறேன் மாமா. ஒரே நம்பர் எத்தன தடவ இருந்தாலும் ஒண்ணாத்தான் எண்ணும்."

நூற்றுச் சொச்சம் இருந்த மொத்தம் எண்பத்தாறாக இறங்கியது. ரெட்டைப் பதிவெல்லாம் பிடிபட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அப்புறமும் கடையில், டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில் என்று திறந்து திறந்து பார்த்தேன். எப்போதும் எண்பத்தாறு. (ஒரே தப்பை எத்தனை தடவை எண்ணினாலும் அது அதே தப்புதான். இதை ஒன்பதாவது வரைக்கும் சொல்லித் தரவில்லை.)

விருந்தன்று கடைசிப் பந்தி எழுந்ததும் பண்டாரி கரண்டியால் தேக்சா அண்டாவைத் தட்டினார். "பாய், காலி."

அப்போதுதான் பின் தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று காத்திருந்தவர்கள். முன்னால் பூ கட்டும் லட்சுமி அக்கா, துவைத்த புடவையில்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டி கீது?"

ஷாஹினா என் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். எல்லோர் பெயரும் இருந்தது. நம்பர் கட்டம்தான் காலி. "மாமா, நம்பர் இல்லாத பதிவு அந்த இண்டெக்ஸ்லயே ஏறாது. எண்ணிக்கையிலயும் வராது. நான் இத யோசிக்கவே இல்ல மாமா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

நானோ, தப்பு அவர்களுடையது மாதிரி கேட்டேன்: "ஏன்க்கா, ஒங்க யார்கிட்டயும் ஒரு நம்பர்கூடவா இல்ல?"

"எங்களுக்கேது போனு? உங்கம்மா நம்பரத்தான் எல்லாருக்கும் குடுத்துகினு இருந்தோம். பெங்களூர்லேந்து என் புள்ள போன் பண்ணா உங்கம்மா எடுத்துகினு வூட்டாண்ட வரும். அது போனதுலேந்து அவன் கொரலே கேக்கல தம்பி."

அம்மா இறந்த அன்றைக்கே அந்தப் போனை அணைத்து பீரோவில் வைத்திருந்தோம்.

ஒற்றைச் செருப்போடு ஓடினேன். அந்த நேரத்துக்கு ஓட்டலில் பரோட்டாதான் கிடைத்தது. அம்மாவின் பேரில் அவர்கள் சாப்பிட்டது அதைத்தான். லட்சுமி அக்கா சால்னாவில் ஊறப்போட்டுக்கொண்டே சொன்னார்: "பல்லு இல்லாதவளுக்கு பரோட்டா வாங்கியாந்த மொத ஆளு நீதான்யா." எல்லோரும் சிரித்தார்கள். நான் பீரோவைத் திறக்க உள்ளே போனேன். தலையை அதற்குள் விட்டுக்கொண்டு அழுதால் வெளியே கேட்காது.

இன்றைக்கும் அந்த சிம்முக்கு நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். போன் அடித்தால் என் அக்கா உள்ளேயிருந்து கத்துவாள்: "எக்சேஞ்சு! யாருக்குடா லைனு?" வீட்டில் என் பெயரே அதுதான். கடையை அப்படியே போட்டுவிட்டு, போனும் கையுமாகப் பின் தெருவுக்கு ஓடுவேன்.

எப்போதாவது, விஷயம் தெரியாத யாராவது அம்மாவையே கேட்பார்கள். பழக்கதோஷத்தில் "லைன்ல இருங்க, குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்கத் தொடங்குவேன். நடுத்தெருவுக்கு வந்த பிறகுதான், எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நிற்பேன்.