கொண்டைக்குள் குயில்

பெருமதிப்புக்குரிய மகளிர் பக்க ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து ஓய்வுபெற்ற நீர்ப்பாசன ஓவசியர் அழகரத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சுயந்திரமும் கந்தசுவாமியார் கிருபையால் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்கள் கறண்ட் இருக்கும் நேரங்களில் நலமாகவும் இல்லாத நேரங்களில் வியர்த்துக்கொண்டும் இருக்கிறோம். தங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை பாதை திறந்திருந்தால் எங்களுக்குப் புதன்கிழமை வந்து சேரும். அண்மையில் ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்த இதழில் ‘பழைய கொண்டை, புதிய பயணம்’ என்று தாங்கள் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்களே, அது வராமலே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஒரே மகள் புஸ்பம் கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருக்கிறாள், என் மனைவியின் தங்கை வீட்டில் தங்கியிருக்கிறாள். அதே கந்தோரில் படம் வரையும் ஒரு பொடியனும் அவளும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டு, இனிப் பெரியவர்கள் வந்து நாள் வைத்தால் சரி என்று அறிவித்தார்கள். பொடியனின் தகப்பன் வினாயகமூர்த்தி சாதுவான மனுஷன். தாய் இரத்தினம்மா அப்படியில்லை என்று கேள்வி. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பக்கத்துச் சனத்தைப் பார்த்து, இவர்கள் வயல் வட்டைக்குள் வேலை செய்துகொண்டிருந்துவிட்டு அப்படியே எழும்பி வந்தவர்களா என்று கேட்டவவாம். அதனால் புஸ்பம் தாய்க்கு எழுதும்போது, அம்மா, வரும்போது கொஞ்சம் வடிவாக உடுத்துக்கொண்டு வாருங்கள், ஆனால் நகைக்கடை மாதிரி வரவேண்டாம் என்று எழுதியிருந்தாள். இந்த நேரம் பார்த்துத்தான் தங்களுடைய அரைப் பக்கம் வந்து விழுந்தது.

முன்னுச்சி மயிரை உயர்த்தி வாரி, உள்ளே மெத்தென்ற ஏதாவது ஒன்றை வைத்து, அந்தக் காலத்துப் பெண்களைப்போல் கொண்டை போட்டால் முகத்துக்கு ஒரு கம்பீரம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டிக்குள் கிடக்கும் பழைய உடுப்புகள்தான் இன்றைய நாகரிகம், அவை தளர்வாக இருப்பதால் நெடும் பயணத்துக்கும் சுகம், கணவன்மாரும் இதைப் பின்பற்றலாம் என்று கடைசி வரியில் எங்களையும் இழுத்து விட்டிருந்தீர்கள். என் மனைவி சீதேவிப்பிள்ளை அதை வாசித்த நாளிலிருந்து வீட்டில் சோறு நேரத்துக்கு வந்ததில்லை. உள்ளே வைக்கிற மெத்தென்ற பொருள் எது என்று தாங்கள் எழுதாததால், பஞ்சு வைத்துப் பார்த்தா, அது அமுங்கிவிட்டது. பழைய கால்மேசு வைத்துப் பார்த்தா, அது வழுகிக் காதுக்கு மேலே வந்தது. கடைசியில் தென்னந்தும்புதான் நிற்கும் என்று முடிவாகி, தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்துத் தும்பெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதைக் கறுப்புத் துணியில் சுற்றி, மேலே மயிரை இழுத்து மூடி, காத்தான்குடிக் கடையில் இருந்த கொண்டை ஊசியெல்லாம் வாங்கிக் குத்தி முடித்தபோது, ஆசிரியர் அவர்களே, பொய் சொல்லக்கூடாது, கொண்டை தங்கள் படத்தில் உள்ளதைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தது. எனக்கோ என் கல்யாணத்துக்குத் தைத்த களிசான் வெளியே வந்தது. நெஞ்சுவரை ஏறும், ஒரு காலுக்குள் இரண்டு பேர் நிற்கலாம். அந்த நாளில் நான் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தேன். இப்போது இடுப்பில் நிற்காது என்பதால் இரும்புக் கிளிப் வைத்த தோள்வாரும் போட்டுத் தந்தா. சுகம் என்று பார்த்தால், காற்று நன்றாகத்தான் வந்துபோனது.

விடியற்காலை பஸ் ஏறினோம். எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் காத்தான்குடி ஸஹீதா என்ற புடவை வியாபாரி, கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகிறவ. ஏறி உட்கார்ந்ததுமே மனைவியின் தலையைப் பார்த்து, படத்தில் கண்டதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு என் மனைவி வாழைச்சேனை வரை இருக்கையில் சாயவேயில்லை, கோயில் விக்கிரகம்போல் நிமிர்ந்தே இருந்தா. பள்ளங்களில் பஸ் விழும்போதெல்லாம் கொண்டை கூரையில் முட்டிவிடுமோ என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

பொலன்னறுவைப் பக்கம் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரும் வழக்கம்போல் இறங்கிப் பொதிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஆண்கள் வரிசையில் என்னைத் தடவிப் பார்த்த கருவி தோள்வாரிலிருந்த கிளிப்பைக் கண்டு கீ என்றது. கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். ஒரு கையால் களிசானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து அதே சத்தம் வந்தது. ஆனால் நிற்காமல் வந்தது. ஊசிகள் ஒவ்வொன்றாக முறைப்பாடு செய்துகொண்டிருந்தன. சோதிக்கிற பிள்ளை கொண்டையை விரலால் தட்டிப் பார்த்திருக்கிறா, உள்ளே ஏதோ கெட்டியாக இருந்திருக்கிறது, அவிழ்க்கச் சொல்லியிருக்கிறா. என் மனைவி மாட்டேன் என்றுவிட்டா. சம்பந்தி வீட்டுக்குப் போகிற தலை என்று தமிழில் விளக்கமும் கொடுத்திருக்கிறா. சாவடிப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். பஸ் முழுவதும் எங்களுக்காக வெயிலில் நின்றது. எங்களை விட்டுவிட்டு பஸ் போனால் நடுக்காட்டில் என்ன செய்வது என்று யோசித்தேன். அதனால்தான் நான் முன்னே போனேன். முப்பது வருஷம் சிங்கள வேலையாட்களுடன் வாய்க்கால் கட்டியவன் என்ற தைரியமும் இருந்தது.

இந்தத் தலைக்குள் என்ன என்று பெரியவர் என்னைச் சிங்களத்தில் கேட்டார். தும்புக்குச் சிங்களத்தில் கொஹு என்று சொல்வார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு கையில் களிசானும் நெஞ்சில் பதற்றமுமாக நின்றவன் கொஹா என்று சொல்லிவிட்டேன். கொஹா என்றால் குயில்.

அவர் கொண்டையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, அதை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டுத் தென்னையில் என்றேன். எப்போதிருந்து உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்றார். விடியற்காலையிலிருந்து என்றேன். அந்தப் பெண்பிள்ளை கொண்டையின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டா. ஏன் சத்தம் வரவில்லை என்று பெரியவர் கேட்டதும், தும்பில் என்ன சத்தம் என்று எனக்குக் குழப்பமாகி, தண்ணீரில் ஊறப்போட்டுத் தடியால் நன்றாக அடித்த பிறகுதான் உள்ளே வைத்தோம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தப் பெண்பிள்ளையின் முகம் வாடிப்போயிற்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று என்னைக் கேட்டபோது அதன் குரலே மாறியிருந்தது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், அடித்தால்தான் மெதுவாக வரும் என்றேன்.

அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை. அவிழ்க்கச் சொல்லிக் கட்டளையாயிற்று. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்தா. சுற்றிய துணியை விரித்ததும் தும்பு வெளியே வந்தது. பெரியவர் குனிந்து பார்த்து, கொஹு என்றார். அந்தப் பெண்பிள்ளையும் கொஹு என்றா. பிறகு இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கி, அது வரிசை முழுவதும் பரவி, பஸ் சாரதி கீழே இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸஹீதாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தங்கள் வழக்கப்படி அண்ணனை அழைப்பதுபோல், “காக்கா, நீங்க தும்பு எண்டு சொல்லல்ல. பெஞ்சாதிர தலைக்குள்ள அடிச்ச குயில் ஒண்டு இரிக்கி எண்டு சொல்லிட்டீங்க” என்று விளங்கப்படுத்தினா.

சாரதி ஹோர்ன் அடிக்க எல்லோரும் ஓடினோம். ஓடிய வேகத்தில் என் தோள்வார் மேசையிலேயே தங்கிவிட்டது. அது தெரிய வந்தபோது பஸ் நெடுந்தூரம் வந்திருந்தது. ஸஹீதா தன் பொதியிலிருந்து மாதிரித் துணியில் நீளமாக ஒரு துண்டு கிழித்து என் இடுப்பில் கட்டிக்கொள்ளத் தந்தா. நல்ல மனுஷி. ஆனால் அது ரோசாப்பூப் போட்ட இளஞ்சிவப்புத் துணி. என் மனைவியோ ஓடுகிற பஸ்ஸில் கண்ணாடியில்லாமல் கொண்டையைத் திரும்பக் கட்டினா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒரு பக்கம் சரிந்தது. கொழும்பு போய்ச் சேர்ந்தபோது மழையில் நனைந்த வைக்கற்போர் இடது பக்கம் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது.

மச்சினி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு அப்படியே வெள்ளவத்தையில் பொடியன் வீட்டுக்குப் போனோம். சீப்பை எடுத்தால் எல்லாம் கையோடு வந்துவிடும் என்று யாரும் அந்தத் தலையைத் தொடவில்லை. புஸ்பம் தாயின் தலையையும் என் இடுப்பையும் மாறிமாறிப் பார்த்து, கண் கலங்கி, பிறகு ஓட்டோவில் ஏறினாள். எனக்கு அந்தப் பிள்ளையை நினைக்கத்தான் கவலையாக இருந்தது. பெற்ற பிள்ளையின் கல்யாணம் ஒரு பிடி தும்பினால் குழம்பிப்போகுமோ என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

கதவைத் திறந்தது இரத்தினம்மாதான். ஆசிரியர் அவர்களே, அந்த அம்மாவின் தலையிலும் அதே கொண்டை. அதுவும் சாய்ந்துதான் இருந்தது, வலது பக்கமாக.

இரண்டு பேரும் வாசலில் நின்றபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். புஸ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரா?” என்று இரத்தினம்மா கேட்டா.

“ஓம். எங்களுக்குப் புதன்கிழமதான் வாற” என்றா என் மனைவி.

“உள்ளுக்க என்ன வெச்சிரிக்கிறீங்க?”

“தும்பு.”

“நான் பஞ்சு வெச்சன். நிக்கிதில்ல. உள்ளுக்க வாங்க” என்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா.

அதன் பிறகு நடந்தது என்ன தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என் முறைப்பாடு. பிள்ளைகள் இரண்டு பேரும் பலகாரம் வாங்கி வருகிறோம் என்று வெளியே போனார்கள். நானும் வினாயகமூர்த்தியும் கதிரையில் எதிரெதிரே இருந்தோம். அவர் என் இடுப்புத் துணியைப் பார்த்து, இதுவும் பேப்பரில் வந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம். மழை முடிந்ததும் பேச ஒன்றுமில்லாமல், அறைக்குள்ளிருந்து வருகிற சிரிப்பைக் கேட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் கதவைப் பார்த்தபடி காத்திருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. மட்டக்களப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டு இருட்டிய பிறகு கொழும்பில் திரிய முடியுமா? புறப்பட வேண்டியதாயிற்று. கதவு திறந்தபோது இரண்டு கொண்டைகளும் தூண்போல் நிமிர்ந்து நின்றன. நாள் மட்டும் வைத்தபாடில்லை. இவ்வளவு தூரம், இத்தனை சாவடி, ஒரு தோள்வார், என் மானம், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நாங்கள் கொண்டுவந்தது இரண்டு பெண்களின் கொண்டை நிமிர்ந்த செய்தி ஒன்றைத்தான்.

ஆகவே தாங்கள் இந்தப் பகுதியை உடனே நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால், உள்ளே வைக்கும் பொருளுக்கு மூன்று பாஷையிலும் சரியான பெயரையாவது அடியில் அச்சிட வேண்டும். கணவன்மார் பற்றிய வரியை முற்றாக நீக்க வேண்டும். இல்லாவிடில் நான் தங்கள் பத்திரிகையை வாங்குவதை விட்டுவிட்டு வானொலியோடு இருந்துவிடுவேன்.

தாங்கள் நீண்ட ஆயுளும் தெளிந்த பார்வையும் பெற்று, தங்கள் பத்திரிகை வெற்றிலைக்கொடிபோல் படர்ந்து தழைக்க, அதில் மகளிர் பக்கம் மட்டும் கொஞ்சம் வாடியிருக்க, எல்லாம் வல்ல கந்தசுவாமியாரை வேண்டும்,

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
க. அழகரத்தினம்

பி.கு.: ஆசிரியர் அம்மாவுக்கு, இது சீதேவிப்பிள்ளை எழுதுவது. இவர் முத்திரை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டுப் போனதால் வாசித்தேன். உங்கள் படத்தை வெட்டி எடுத்து என் கண்ணாடியில் ஒட்டி, “இதப் போட்டுப் பாருகா, உனக்கு எடுப்பா இரிக்கும்” என்று சொன்னவர் இவர்தான். களிசானைப் பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டவரும் இவர்தான், நான் வேட்டி போதும் என்றுதான் சொன்னேன். கல்யாணம் ஆவணியில். நானும் இரத்தினம்மா அக்காவும் அறைக்குள் போய் முதல் ஊசியைக் கழற்றும்போதே கல்யாணத்துக்கு நாள் வைத்துவிட்டோம். சொல்வதற்கு வெளியே வந்து பார்த்தால் இரண்டு ஆம்பிளைகளும் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்றிருந்தேன், அதற்குள் இவர் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டார், எழுதும்போது குழப்பினால் இவருக்குக் கோபம் வரும். புஸ்பமும் மணவறைக்கு அதே கொண்டைதான் போடப் போகிறாளாம். நீங்கள் போட்ட படத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. தயவுசெய்து பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள் அம்மா. தாலி கட்டும்போது சனம் பார்க்கிறது அதைத்தான்.