முறுக்கரின் தண்ணிப் போத்தல்

கனடாவின் ஸ்காபரோவில் பிள்ளை வளர்த்தவர்கள் பலர். நாய் வளர்த்தவர்களும் உண்டு. தலைமுடியைப் பிள்ளைபோல் வளர்த்தவர் முறுக்கர் ஒருவர்தான். பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு தண்ணீர் காட்டியிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தலையில் ஒரு முடியும் இல்லை. அதனால் பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கண்டதை எழுதுகிறேன்.

அப்போது ஒரு வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் நாங்கள் மூன்று பேர். எனக்குப் பாண் தொழிற்சாலையில் வேலை. யோகண்ணை மூத்தவர். சமையலும் தீர்ப்பும் அவருடையவை. முறுக்கர் தளபாடக் கடைக்கு வான் ஓடினார். வயது நாற்பது தாண்டிவிட்டது. கலியாணம் இல்லை. அவருடைய உண்மையான பெயர் எங்களுக்கு மறந்தே போனது. பிறகு கலியாணக் கார்ட் அடித்து வந்தபோது யோகண்ணை அதை வாசித்துவிட்டு, “ஆரடா உவன்? எங்கடை முறுக்கருக்கு என்ன நடந்தது?” என்று பதறினார்.

அந்த முடி சாதாரணச் சுருள் இல்லை. ஒவ்வொன்றும் பேனைக்குள் இருக்கும் ஸ்பிரிங். மழைத்துளி விழுந்தால் உள்ளே போகாது. மேலே நின்று யோசிக்கும். சீப்பு வைத்தால் சீப்புக்குத்தான் பல் போகும். ஆகவே பிளாசாவில் இருந்த தமிழ்ச் சலூனில் மாதாமாதம் ஒட்ட வெட்டிவிடுவார். ஒரு குளிர்காலம் சலூன்காரர் ஊருக்குப் போனார். திரும்பி வரவில்லை. முடி வளர்ந்தது. கீழே இறங்காமல் அகலத்துக்குப் போனது. வானின் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் தெரியாமல் போனது.

அதே பிளாசாவில் மார்சியா என்ற ஜமேக்காப் பெண்ணின் சலூன் இருந்தது. முறுக்கர் அங்கே ஒரு மேசை இறக்கப் போனார். மார்சியா மேசையைப் பார்க்கவில்லை. தலையைப் பார்த்தார். கதிரையைக் காட்டினார். முறுக்கர் இருந்தார். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது தலை முழுக்கச் சின்னச் சின்னக் கயிறுகள். முடியை இரண்டு இரண்டு பிரியாக எடுத்து ஒன்றோடொன்று சுற்றியிருந்தது.

யோகண்ணையின் கையிலிருந்த அகப்பை கறிக்குள் விழுந்தது.

“என்னடாப்பா, தலையிலை என்னத்தைப் பொரிச்சு வைச்சிருக்கிறாய்?”

“முறுக்கினது அண்ணை.”

“முறுக்கோ?”

அன்றைக்கு வைத்த பெயர்தான்.

மார்சியா சட்டம் போட்டு அனுப்பியிருந்தார். இந்த மாதிரி முடிக்கு எப்போதும் தாகம். காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்க மட்டும். ஊற வைத்தால் முறுக்குக் கழன்றுவிடும். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் எண்ணெய், நுனிக்குக் கட்டாயம். படுக்கும்போது சாட்டின் தொப்பி. பருத்தித் தலையணை தலையில் உள்ள ஈரத்தைக் குடித்துவிடுமாம்.

யோகண்ணைக்கு இதில் பாதிதான் பிடித்தது.

“முடி காஞ்சா எண்ணெயை வை. தண்ணி ஆருக்கு? மரவள்ளிக்கோ?”

“அண்ணை, காஞ்ச பாணுக்கு மேலை பட்டரைப் பூசினா பாண் மெதுவாகுமோ? எண்ணெய் மூடி. வெறும் சட்டிக்கு மூடி போட்டு என்ன பலன்? முதல் தண்ணி. பிறகு மூடி.”

யோகண்ணை என்னைப் பார்த்தார். “பாண் பக்டரிக்காரன், நீ சொல்லு.”

“மெதுவாகாது,” என்றேன்.

யோகண்ணை எனக்கு இரண்டு நாள் கறியில் மீன் போடவில்லை. குழம்பு மட்டும் விட்டார்.

முறுக்கர் தெளிக்கிற போத்தல் ஒன்று வாங்கினார். தண்ணீர், கொஞ்சம் கற்றாழை, மார்சியா கொடுத்த பூ மணக்கிற கிறீம். எல்லாம் அதற்குள். வேலைக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போவார். சிவப்பு விளக்கில் வான் நின்றால் தலைக்கு ஒரு தெளி. பக்கத்துக் காரில் இருந்தவர்கள் வாய் பார்த்து நின்று, பச்சை விழுந்தும் போக மறந்திருக்கிறார்கள். அந்தப் போத்தலை யோகண்ணை ஒருமுறை சேர்ட் அயன் பண்ணும்போது எடுத்துத் தெளித்துவிட்டார். சேர்ட் மினுங்கியது. பூந்தோட்டம் மாதிரி மணத்தது. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஒரு வண்டு அவரை விடாமல் சுற்றியது. வீட்டுக்கு வந்து சொன்னார்: “சாமியைச் சுத்தினது பாதி, வண்டுக்கு ஓடினது பாதி.”

ஒரு சனிக்கிழமை காலை மேல்வீட்டில் தோசை கருகி நெருப்பு மணி அடித்தது. எல்லோரும் பனிக்குள் ஓடினோம். யோகண்ணை கையில் பாஸ்போர்ட். என் கையில் ஒன்றுமில்லை. முறுக்கர் சாரம், ஜக்கெற், ஊதாச் சாட்டின் தொப்பி, கையில் போத்தல். தெருச் சனம் முழுக்கச் சிரித்தது. வந்த தீயணைப்புக்காரர்களில் ஒரு பெண் ஹெல்மெற்றைக் கழற்றினார். அவருடைய தலையிலும் அதே முறுக்கு. தொப்பியைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்ல துணி,” என்றார். முறுக்கர் அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தார். நெருப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சூடு வரும் குழாய் அவருடைய கட்டிலுக்கு மேலே. அந்தக் காற்று தலையைக் காய வைக்கிறது என்று ஈரத் துவாய்களை அறை முழுக்கத் தொங்கவிட்டார். அதற்குள் போய் வந்தால் எங்களுக்குத் தும்மலும் தடிமனும். அவருடைய தலைக்கு மட்டும் சுகம்.

யோகண்ணை பகிடிக்கு அந்தத் தலையைப் படம் எடுத்து, மார்க்கம் நகரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினார். தங்கையின் பக்கத்து வீட்டில் வசந்தி இருந்தார். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை. தாய் காட்டிய மாப்பிள்ளைப் படங்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தவர். ஒருவர் தலைக்கு மை பூசியிருந்தார். ஒருவர் விக். ஒருவர் கோயில் படத்திலும் தொப்பி. முறுக்கரின் படத்தைக் கண்டதும் வசந்தி கேட்டாராம்: “உவர் ஆர்? இவ்வளவு பேருக்கை தன்ரை தலையை ஒளிக்காத ஆள் இவர்தான்.”

இரண்டு பேரும் கதைத்தார்கள். பிடித்துக்கொண்டது. வசந்தியின் தாய்க்குத் தலை பிடிக்கவில்லை. அவரை நாங்கள் அன்ரி என்று கூப்பிடுவோம். பேஸ்மென்றுக்கே வந்துவிட்டார். முறுக்கரைச் சுற்றி நடந்து பார்த்தார். கோழி வாங்க வந்தவர் மாதிரி.

“தம்பி, வெட்டமாட்டீரோ?”

“வசந்தி வெட்ட வேண்டாமெண்டவ, அன்ரி.”

“சரி. கலியாணத்தண்டு காலமை பாப்பன். பறட்டையாக் கிடந்தா நானே வெட்டுவன். மண்டபத்திலை என்ரை சனம் இருக்கு.”

கைப்பையைத் திறந்து கத்திரிக்கோலைக் காட்டினார். பகிடிக்கு இல்லை.

அடுத்த நாள் வசந்தி போன் எடுத்தார். “அம்மா என்ன சொன்னாலும் நான் கேட்ட தலையோடைதான் நீங்கள் வரவேணும். வெட்டின தலையோடை ஆயிரம் பேர் கிடக்கினம்.”

“வாறன்,” என்றார் முறுக்கர். போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னார்.

கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் மார்சியா புதிதாக முறுக்கிவிட்டு ஜமேக்கா போய்விட்டார். தமையன் வீட்டில் விசேஷம். திரும்பும்போது கலியாணம் முடிந்திருக்கும். வேறு கையை முறுக்கர் நம்பவில்லை. இருக்கிற முறுக்கு கலியாணம் வரை நிற்க வேண்டும். அந்த நாட்களில் அவர் சிரித்ததும் மெதுவாகத்தான். தலை ஆடக்கூடாது. தும்மல் வந்தால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வார்.

எல்லாம் சரியாகப் போனது. அப்போதுதான் யோகண்ணைக்குப் பாலறுகு ஞாபகம் வந்தது.

கலியாணத்தன்று காலை மாப்பிள்ளைக்குப் பாலறுகு வைக்க வேண்டும். பெரியவர்கள் வரிசையாக வந்து பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் தடவுவார்கள். பிறகு தலையோடு தண்ணீர் வார்ப்பார்கள். செம்பு செம்பாக. வைக்காமல் விட முடியாது.

முறுக்கர் ஜமேக்காவுக்குப் போன் எடுத்தார். மார்சியா கேட்டாராம்: “பாலா? மனிசன்ரை தலையிலையா?” முறுக்கர் சம்பிரதாயத்தை விளங்கப்படுத்தினார். மார்சியா மூச்சு விட்டுவிட்டு வழி சொன்னார். முதலில் தண்ணீர் தெளி. மேலே வழமையை விடக் கூட எண்ணெய் பூசு. பால் உள்ளே இறங்காது. பிறகு வலை போட்டு இறுக்கு. வலைக்கு மேலால் கழுவு. கையால் தேய்க்க ஒருவரையும் விடாதே.

எண்ணெய் என்றதும் யோகண்ணை எழும்பி நின்றார். “நான் அப்பவே சொன்னன்! அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கு!” தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தார்.

வலைக்குத்தான் வழியில்லை. நான் என் பையைத் திறந்தேன். பாண் தொழிற்சாலையில் எல்லோரும் தலைக்கு வலை போட வேண்டும். மொட்டை என்றாலும் சட்டம் சட்டம்தான். அத்தனை காலம் காரணமில்லாமல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை எடுத்து முறுக்கரிடம் கொடுத்தேன்.

முறுக்கருக்கு இங்கே சொந்தம் இல்லை. ஆகவே மார்க்கத்தில் வசந்தியின் பெரியப்பா வீட்டில் பாலறுகு. முறுக்கர் மணையில் இருந்தார். வெற்று மேல், பட்டு வேட்டி, தலையில் பாண் தொழிற்சாலை வலை. அன்ரி முதல் ஆளாக வந்தார். கைப்பையோடு.

“உதென்ன தம்பி, மீன் வலை?”

முறுக்கர் யோகண்ணையைப் பார்த்தார். யோகண்ணை கூரையைப் பார்த்தார்.

“எங்கடை பக்கத்து வழக்கம்,” என்றேன்.

“எந்தப் பக்கம்?”

“தீவுப் பக்கம்.”

முறுக்கர் பிறந்தது வவுனியாவில். கடலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அன்ரியின் கை கைப்பையில் இருந்தது. அப்போது பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“ஓம் ஓம். நானும் கண்டனான். முந்தி வலை போட்டுத்தான் வைக்கிறவை. இப்பத்தையச் சனத்துக்கு உது ஒண்டும் தெரியாது.”

எங்கே கண்டார் என்று நான் இன்று வரை கேட்கவில்லை.

ஒருவர் பின் ஒருவராகப் பால் வைத்தார்கள். பால் வலையில் விழுந்தது. எண்ணெயில் வழுக்கியது. மூக்கால் ஓடியது. முறுக்கர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்தி என்று சனம் நினைத்தது. தண்ணீர் வார்த்து முடிய, பழைய ரீசேட் ஒன்றால் ஒற்றி எடுத்தார். துடைக்கவில்லை. துவாய் முடியைக் கலைக்குமாம். அறைக்குள் போய் வலையைக் கழற்றினோம். முறுக்கு அப்படியே இருந்தது. யோகண்ணை அழுதார். எண்ணெய்க்கு அழுதாரா மாப்பிள்ளைக்கு அழுதாரா தெரியாது.

அதற்குப் பிறகுதான் தலைப்பாகையைக் கொண்டுவந்தார்கள். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தலையை மூடிக்கொண்டு மண்டபத்தில் இருக்க வேண்டும். அதுவும் உள்ளே பருத்தி. முறுக்கர் ஊதாத் தொப்பியை எடுத்து நீட்டினார். யோகண்ணை அதைத் தலைப்பாகைக்கு உள்ளே வைத்துத் தைத்தார். சமையலைப் போலவே தையலிலும் அவசரம்.

தாலி கட்டினார்கள். சாப்பாடு நடந்தது. மேடையில் படம் எடுக்கும் நேரம் வசந்தி, “இனிக் கழட்டுங்கோ,” என்றார். முறுக்கர் தலைப்பாகையைத் தூக்கினார். பாதி வந்தது. மீதி வரவில்லை. யோகண்ணையின் நூல் ஒன்று முறுக்குக்குள் மாட்டிக்கொண்டது.

அன்ரி மேடைக்கு ஏறினார். கைப்பையைத் திறந்தார். கத்திரிக்கோல் வெளியே வந்தது.

நாதஸ்வரக்காரர்கூட மூச்சை உள்ளே வைத்துக்கொண்டார். முறுக்கர் வசந்தியின் கையைப் பிடித்தார்.

அன்ரி குனிந்தார். நூலை மட்டும் வெட்டினார். தலைப்பாகை கையோடு வந்தது. முறுக்குகள் தோளுக்கு மேலே விழுந்து மினுங்கின. அன்ரி ஒரு முறுக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“நுனி காயுது தம்பி. போத்தல் எங்கை?”

வேட்டி மடிப்புக்குள் இருந்தது. அன்ரியே தெளித்தார். சனம் கை தட்டியது. நெற்றிப் பக்கத்தில் ஒன்று மட்டும் கழன்று நின்றது. வசந்தி அதை விரலில் சுற்றி முறுக்கிவிட்டார். கலியாணப் படங்களில் நல்ல படம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன மாதம் ஏஜக்ஸில் ஒரு கலியாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை என்னைப் போல் மொட்டை. வலை போட்டு இருத்தித்தான் பால் வைத்தார்கள். பெரியப்பா பக்கத்தில் நின்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

முறுக்கர் மார்க்கம் போய்விட்டார். அங்கே வேறு போத்தல் இருக்கிறது. பழையது எங்கள் குளியலறைத் தட்டில் நிற்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். வந்தால் முதல் வேலை அந்தப் போத்தலை எடுத்துத் தலைக்கு இரண்டு தெளி. போத்தல் தண்ணீர் பழசானால் நாறும்.

எனக்குத் தலையில் முடி இல்லை. சனிக்கிழமைகளில் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி வைக்கிறேன்.