உறுமாத பெட்டி

பெட்டி மறுபடியும் உறுமவில்லை. மதன் காலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். கிடார் பஜனைக்கு வாசிப்பது போலச் சாதுவாக ஒலித்தது.

கிடார் சத்தத்தைக் கரகரவென்று உடைத்து உறும வைக்கிற ஓவர்டிரைவ் பெடல் அது. பாகம் பாகமாக வாங்கி அவனே பற்றவைத்தது. ஞாயிறு அஸ்தம்பட்டியில் பூபதியின் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கிறார்கள். உறும வைக்கத் தெரிந்தவன் மட்டும் வந்தால் போதும் என்று பூபதி சொல்லிவிட்டார். இது தவறினால், ஜவுளிக்கடையில் சேலை மடித்தே பாவம் அவன் ஆயுசு போய்விடும்.

"நேத்து நல்லா உறுமுச்சேம்மா!"

"அது நல்லாவா சாமி இருந்துச்சு?" என்றாள் அம்மா பெரியநாயகி. "மைக்செட் ரிப்பேர்காரர் ஊட்ல இப்பிடிக் கரகரப்பான்னு ஊரே சிரிக்குது."

மைக்செட் ரிப்பேர் பார்க்கும் அப்பா கந்தவேல் டீயை ஊதிக் குடித்தார்.

மதன் பெட்டியைப் பிரித்தான். சத்தத்தை உடைக்கிற டயோடின் ஒரு கால் ஈயத்தை விட்டுக் கழன்றிருந்தது.

"வெயிலுக்கு ஈயமே இளகுது!"

புது டயோடு போட்டான். உறுமியது. மறுநாள் கடை விட்டு வந்தால் பழையபடி சாது. கோபத்தில் இன்னும் நாலு டயோடு சேர்த்து, சத்தத்தைப் பெருக்குகிற கெயினையும் ஏற்றினான். பக்கத்து வீட்டுப் பாவாயி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சுங்களா?"

மதனுக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாள் மாலை பெட்டி முன்னைவிடச் சாதுவாகியிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பற்றவைத்து, இனி ஞாயிறு வரை வெயிலே படக்கூடாதென்று ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஞாயிறு காலை, வேர்த்து வழிந்த பெட்டியோடு பூபதி முன்னால் நின்றான். அமுக்கினான். கிடார் தேனாக வழிந்தது.

"தம்பி, தாலாட்டுக்கா ஆளு கேட்டேன்?" என்றார் பூபதி. அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. "அடுத்த ஞாயிறு வா. அன்னிக்கும் உறுமலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்."

வெளியே வந்து அழாத குறையாக அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"கலங்காத சாமி," என்றாள் அம்மா. "நீ கடைக்குப் போனதும் தெனம் அந்தப் பெட்டியைப் பிரிச்சு, பையன் சபையில அசிங்கப்படக் கூடாதுன்னு கரகரப்பை எடுத்துட்டு இருந்ததே உங்கப்பாதான், அடுத்த ஞாயித்துக்குள்ள மிச்சத்தையும் எடுத்துர்றேங்கறாரு!"