ஒரு டீக்கு இரண்டு சீட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாப்பிள்ளை சொல்லியிருப்பார். நாம் இருவரும்தான் பேசிக்கொள்வதில்லையே தவிர, நம் இரண்டு வீட்டிலும் மற்ற யாருக்கும் வாய் சும்மா இருப்பதில்லை. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரனுக்கு என் சார்பில் ஒரு முத்தம், மீசை குத்தாமல், நீங்களே கொடுத்துவிடவும்.

பேரனின் பிறந்தநாளன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கையில் சிக்கியிருக்கிறது. சிக்கிய சந்தோஷத்தில் உட்காரக்கூட முடியாமல், ஃபிரிட்ஜின் மேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் அது வயசு இல்லை, மோட்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை முதலில் நேராக்கிக்கொள்வோம். நீங்கள் நிதித்துறையில் துணைச் செயலாளராக இருந்தவர், ஓய்வூதியச் சீர்திருத்தக் குழுவுக்கு உங்களை உறுப்பினராகப் போட்டதில் ஆச்சரியமில்லை, நான் குடிநீர்த் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், என்னை எந்தக் குழுவிலும் போடாததிலும் ஆச்சரியமில்லை. நீங்கள் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் என்பதை நிறுத்திவிட வேண்டும், ஓய்வு பெறும் அன்றைக்கே மொத்தத்தையும் கையில் கொடுத்துவிட வேண்டும், அவரவர் முதலீடு செய்து அவரவர் பிழைக்கட்டும் என்றீர்கள். "மனுஷனை நம்பணும் சம்பந்தி. அரசாங்கம் எத்தனை நாளைக்குத்தான் ஊட்டி விடும்?" என்று வேறு கேட்டீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "மனுஷனை நம்பலாம் சம்பந்தி. அவன் மச்சானை எப்படி நம்புறது? மொத்தமா கைக்கு வந்த அன்னிக்கே பிசினஸ்னு சொல்லிக்கிட்டு வந்து நிப்பானே" என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன். உங்கள் மச்சான், அதாவது சம்பந்தியம்மாவின் தம்பி, எனக்குப் பின்னாலேயே இரண்டாவது துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. உங்கள் பணிக்கொடையை வாங்கி அவர் ஐஸ் தொழிற்சாலை வைத்ததும், அது உருகிப்போனதும் சத்தியமாக எனக்கு அதற்கு அப்புறம்தான் தெரியும். நீங்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். நானும் ரோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது, எனக்கு ஒரு அளவு பெரிது.

அதற்கு நடுவில் என் மகள், உங்கள் மருமகள், "அப்பா, ஆபீஸ்ல ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள். "இரும்மா, உன் எதிர்காலத்தைப் பத்தித்தானே பேசிக்கிட்டு இருக்கோம்" என்று நீங்களும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அன்றைக்கு நாம் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

ஆனால் அவள் எதிர்காலம் விளையாட்டுக் காரியம் இல்லையே. அரசு நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். பழைய திட்டமா, புதிய திட்டமா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது. நான் பழையது என்கிறேன், நீங்கள் புதியது என்கிறீர்கள், நாம் இருவரும் போன பிறகும் அனுபவிக்கப் போகிறவள் அவள். அதனால்தான், வாயால் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை, செய்தே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கம் உங்களுக்குத் தெரியும், சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு கேரம் போர்டு, கால் ஆடும் நாற்காலிகள், மாடிப்படித் திருப்பத்தில் ஸ்டவ் வைத்திருக்கும் டீ அக்கா. சந்தா கட்டியவர் யாராக இருந்தாலும் சாயங்காலம் தன் காலால் படியேறி வந்து உட்கார்ந்தால் ஒரு டீ. வராவிட்டால் அன்றைய டீ போச்சு. அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து குடிக்க முடியாது. ஒருநாள் டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் பளிச்சென்று பட்டது, இது அப்படியே பழைய பென்ஷன் அல்லவா. எனக்குப் புல்லரித்துவிட்டது. உடனே செயற்குழுவைக் கூட்டினேன். "ஒரு மாசத்துக்கு டீயை மொத்தமா குடுத்துடுவோம். அவங்கவங்க சாமர்த்தியம். என் சம்பந்தி திட்டம் ஜெயிக்குதா தோக்குதான்னு பாத்துடலாம்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் அந்தச் சமயத்தில் போன் செய்து மறுபடியும் "அப்பா, ஆபீஸ்ல" என்றாள். செயற்குழு நடக்குதும்மா என்று வைத்துவிட்டேன்.

பழைய காலண்டர் அட்டைகளை வெட்டிச் சீட்டாக்கினோம். சங்கத்தில் இருக்கும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப் 'பெறப்பட்டது' என்பதுதான், அதையே எல்லாவற்றிலும் குத்தினோம். முதல் தேதியன்று ஆளுக்கு ஒரு கட்டு, மாதம் முழுமைக்கும். சட்டைப் பை புடைத்துக்கொண்டு எல்லோரும் படியிறங்கிப் போன அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அரசாங்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் இருக்கிறாரே, அவர் அன்றைக்கே டிப்போவில் இருந்த பழைய சிநேகிதர்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்து டீ வாங்கிக் கொடுத்தார், மறுநாளும் கொடுத்தார், அந்த வாரம் முடிவதற்குள் பை காலி. பிறகு தினமும் வந்து அடுத்தவர் டம்ளருக்கு எதிரே உட்கார்ந்து, "நீங்க குடிங்க, எனக்கு ஆவி போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பார்கள், இவர் நின்றுகொண்டே கரைத்துவிட்டார். உங்கள் திட்டம் தோற்றது என்று அன்றைக்கே உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நல்லவேளை எழுதவில்லை. கதை அதோடு முடியவில்லை, போஸ்ட்மாஸ்டராக இருந்தவர் அதற்குள் 'வளர்ச்சி நிதி' என்று ஒன்றை ஆரம்பித்து, சீட்டை என்னிடம் கொடுங்கள், மாதக் கடைசியில் ஒன்றரைப் பங்காகத் தருகிறேன் என்று வசூல் செய்தார். தலைமை நர்ஸாக இருந்த அம்மா, வாழ்நாளில் யாருக்கும் ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுக்காதவர், தன் கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தார். நிதியை எதில் போட்டார் என்கிறீர்கள்? கேரத்தில். பந்தயத்துக்குச் சீட்டு, எதிராளி யாரென்றால் ஆவி பிடித்துக்கொண்டிருந்த நம் கண்டக்டர், கையில் சல்லிச் சீட்டு இல்லாமல் கைக்கடிகாரத்தைப் பந்தயம் வைத்தவன், எளிதில் ஜெயித்துவிடலாம் என்று கணக்கு. இத்தனை வருஷம் ஓடும் பஸ்ஸில் பிடிக்காமல் நின்றவர், அசையாத பலகையில் அவர் கை தவறுமா? நிதி முழுவதையும் ஒரே சாயங்காலத்தில் அள்ளிவிட்டார். நர்ஸம்மா எழுந்து போய் போஸ்ட்மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், பிறகு தனக்கும் பார்த்துக்கொண்டார்.

தணிக்கைத் துறையில் இருந்தவர் மட்டும் ஒரு சீட்டைக்கூடத் தொடவில்லை. வீட்டிலேயே டீ குடித்துவிட்டு வந்து, "கடைசி வாரம் பாருங்க, எல்லாரும் என்கிட்டதான் வந்து நிப்பீங்க" என்று தொடையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத நடுவில் டீ அக்கா ஸ்டவ்வை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பால் விலை ஏறிடுச்சுங்க சார். இனிமே ஒரு டீக்கு ரெண்டு சீட்டு."

தணிக்கை எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அப்ப எங்களுக்கு அகவிலைப்படி உண்டா?"

"அப்படின்னா என்னங்க சார்?"

"விலை ஏறுனா அதுக்கு ஏத்தமாதிரி கூட்டிக் குடுக்கிறது."

"நல்லா இருக்கே. எனக்கு அதை யாரு குடுப்பா?" என்றார் டீ அக்கா. தணிக்கை பொத்திப் பொத்திச் சேர்த்தது ஒரு நிமிஷத்தில் பாதியாகிவிட்டது, சம்பந்தி, அவர் அதில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இனி என் கதை. நான் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன். தினமும் ஒன்று, சட்டைப் பையில் மீதி. அந்தச் சட்டையை என் மனைவி துவைக்க எடுத்தபோது சீட்டெல்லாம் அவள் கையில் சிக்கியிருக்கிறது. நான் சங்கத்துக்குப் போனபோது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தணிக்கையின் மனைவி, போஸ்ட்மாஸ்டரின் மனைவி, கையில் டம்ளர். நான் டீ அக்காவைப் பார்த்தேன். "சீட்டு யார் கையில இருக்கோ அவங்களுக்கு டீ. அதானே சார் நீங்க போட்ட புது ரூல்?" என்றார் அவர். என் மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "இந்தத் தண்ணியக் குடிச்சுட்டு வந்துதான் வீட்டு டீயில குறை சொல்றீங்களா?" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். "அது இருக்கட்டும். நீங்க இல்லாத அன்னிக்கு இந்த டீ எனக்கு உண்டா? பழைய ரூல்ல கிடையாது. புது ரூல்ல நீங்க மிச்சம் வச்சுட்டுப் போனாத்தான் உண்டு. ரெண்டுலயும் நான் எங்கே இருக்கேன்?"

அரசாங்கத்தில் அதற்குத்தான் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது, ஆனால் முழுசாக வராது, குறைத்துத்தான் வரும் என்று தணிக்கை விளக்கினார்.

"அவரு அரசாங்கத்துக்கு உழைச்சாரு. அவரு உழைக்கிறதுக்கு நான் உழைச்சேன். அவரு போயிட்டா என் உழைப்பு மட்டும் எப்படிங்க குறையும்?"

தணிக்கை தன் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எத்தனை முறை உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இதை ஒருமுறைகூட நாம் பேசவில்லையே. கண்டக்டர் இரண்டு சீட்டை எடுத்து வைத்து, "அக்கா, தங்கச்சிக்கு இன்னொரு டீ" என்றார்.

ஆக சம்பந்தி, கண்டுபிடிப்பு இதுதான், குழுவில் அப்படியே எடுத்து வையுங்கள், என் பெயர்கூட வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதி சரி, நான் சொன்னதில் பாதி சரி, நாம் சொல்லாததுதான் முக்கியம். குழாயில் தினமும் வருவது வந்துகொண்டே இருக்க வேண்டும், கூடவே அவசரத்துக்கு ஒரு சின்னத் தொட்டியும் வேண்டும், மொத்த ஏரியையும் வீட்டுக்குள் திருப்பிவிட்டால் பிடிக்க யாரிடம் பாத்திரம் இருக்கிறது. பால் விலை ஏறினால் சீட்டும் ஏற வேண்டும், பென்ஷனே இல்லாத டீ அக்காவுக்கும் சேர்த்து. சீட்டில் கணவன் மனைவி இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். நான் போன பிறகு அவளுக்கு அரை டம்ளர் என்று யாரும் ஊற்றக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் சட்டமாக்கும்வரை, என் மகளைப் பழைய திட்டத்திலேயே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நான் சொன்னால் அப்பா பிடிவாதம் என்பாள், மாமனார் சொன்னால் யோசிப்பாள். மாதக் கடைசி நெருங்குகிறது, அவள் வாழ்க்கை உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

நீங்களும் சம்பந்தியம்மாவும் நோய்நொடியில்லாமல், பிள்ளைகள் கையை எதிர்பார்க்காமல், கணக்குப் போட்டவர்கள் திகைக்கும்படி நெடுங்காலம் பென்ஷன் வாங்கி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்புச் சம்பந்தி
(மச்சானைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறாதவன், சத்தமாகச் சொன்னதற்கு வருந்துகிறவன்)

பி.கு.: தபால்தலை ஒட்டச் சொல்லிக் கொடுத்த இடத்தில் என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். "அவ அந்த வேலையை விட்டு ரெண்டு மாசமாச்சுங்க" என்றாள். நான் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குத் தெரியுமாம், சம்பந்தியம்மாவுக்குத் தெரியுமாம், உங்கள் மச்சானுக்குக்கூடத் தெரியுமாம். "ரெண்டு தடவை உங்ககிட்ட ஆரம்பிச்சா, நீங்க கேக்கலை. அப்புறம் ரெண்டு சம்பந்தியும் முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. யாருக்கு முதல்ல சொன்னாலும் இன்னொருத்தர் கோவிச்சுக்குவீங்க. அதான் ரெண்டு பேருக்குமே சொல்லலை." தினமும் காலையில் உங்கள் கண் முன்னாலேயே டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறாளே, எந்த ஆபீஸுக்கு என்று நீங்களும் கேட்கவில்லை.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். வரைபட மேஜையிலிருந்து எடுத்துப் பழைய கோப்பு அறையில் போட்டிருந்தார்களாம், ஒரு வருஷமாகப் பென்சிலையே தொடவில்லையாம். இப்போது ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் நாள் முழுக்க வரைகிறாள். "வயசானப்புறம் நான் எப்படி இருப்பேன்னு நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சண்டை போட்டீங்கப்பா. இப்ப எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கலை" என்றாள். பென்ஷன் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பை நீங்களும் கேட்டிருக்க வேண்டும்.

கேட்ட கையோடு எழுதுகிறேன். யாருக்கு முதலில் தெரிந்தது என்று வீட்டில் யாராவது கேட்டால், இருவருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது என்று நாம் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். குழுவில் என் யோசனையை மறக்காமல் சொல்லுங்கள், அங்கேயே இருக்கிற மற்றவர்களின் மகள்களுக்காக. இத்துடன் இரண்டு சீட்டு வைத்திருக்கிறேன், ஒரு டீதான் வரும், விலை மறுபடியும் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள், என் செருப்பையும் கொண்டுவாருங்கள். மச்சானையும் அழைத்து வரலாம். சீட்டை மட்டும் அவர் கையில் கொடுக்க வேண்டாம்.